எண்ணெய் வந்தால் போதுமா? போக வழி வேண்டாமா?

டர்போ மாட்டும் கார்களில் ஒரு குழாய் படுத்தும் பாடு

குளியல் அறையில் தண்ணீர் வருகிற குழாய் சிறியது. தண்ணீர் வெளியேறுகிற ஜலதாரை பெரியது. ஜலதாரை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மோட்டார் கார் என்ஜினிலும் இப்படி ஒரு ஜலதாரை உண்டு. அதைத் தவறாக அமைத்தால் கார் புகை கக்கும். என்ஜின் எண்ணெயைக் குடிக்கும். சில சமயம் தீப்பிடிக்கவும் கூடும்!

டர்போ என்றால் என்ன?

என்ஜினிலிருந்து சூடான புகை வேகமாக வெளியேறுகிறது. அந்தப் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருக்கிறது. அது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகம் போனால் பெட்ரோலையும் அதிகம் எரிக்கலாம். சக்தி கூடும். இதுதான் டர்போ.

இந்த யோசனைக்கு 1905-ம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர், ஸ்விட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்பிரட் பூக்கி. 1962-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர், செவர்லே கார்வேர் ஆகிய கார்கள் டர்போவுடன் விற்பனைக்கு வந்தன.

டர்போ இல்லாத காரை வாங்கி, பிறகு அதை மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. ஜப்பானின் மாஸ்டா கம்பெனி 1989-ல் வெளியிட்ட 'மியாட்டா', இப்படி மாற்றி அமைப்பதற்குப் பேர் போனது. அப்போதுதான் எண்ணெய்க் குழாய்ச் சிக்கல் தொடங்குகிறது.

நுரைக்கும் எண்ணெய்

டர்போவின் அச்சு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும்! பெரும்பாலான டர்போக்களில், அச்சு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீது மிதக்கிறது. இந்த எண்ணெயை என்ஜினின் பம்பு ஒரு சிறு குழாய் வழியாக அழுத்தி அனுப்புகிறது.

அச்சைக் கடந்ததும் எண்ணெயின் அழுத்தம் போய்விடுகிறது. காற்றுக் கலந்து, கடைந்த மோர் போல் நுரைத்தும் விடுகிறது. அதற்கு மேல் அதைத் தள்ளுவார் இல்லை. தன் பாரத்தால் தானே இறங்கி, என்ஜினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டிக்குப் போக வேண்டும்.

நான்கு விதிகள்

1. திரும்பும் குழாய் அகலமாக இருக்க வேண்டும். உள்வாய் அரை அங்குலத்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது.

2. குழாய் முழுவதும் கீழ்நோக்கியே இறங்க வேண்டும். நடுவில் தொய்ந்தால் அங்கே எண்ணெய் தேங்கும்.

3. தொட்டியில் நிற்கும் எண்ணெய் மட்டத்துக்கு மேலே குழாய் சேர வேண்டும். மட்டத்துக்குக் கீழே சேர்த்தால் எண்ணெய் எதிர்த்து நிற்கும்.

4. ரப்பர் குழாய், புகைக்குழாயின் சூட்டில் படக்கூடாது. இடம் நெருக்கமானால் இரும்புக் குழாயே மேல்.

டர்போ மிகவும் தாழ்வாக இருந்து, சரிவுக்கு இடமே இல்லாவிட்டால், எண்ணெயை இழுத்துவிடத் தனிப் பம்பு வேண்டும்.

குற்றவாளி யார்?

வழி அடைபட்டால் எண்ணெய் டர்போவுக்குள் ஏறும். அச்சின் இரு முனைகளிலும் இருப்பவை மெல்லிய உலோக வளையங்கள். தேங்கிய எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் சக்தி அவற்றுக்குக் கிடையாது. எண்ணெய் கசிந்து எரியும். நீலப் புகை கிளம்பும்.

கார்க்காரர் பயந்துபோய்ப் புது டர்போ வாங்குவார். அதுவும் புகையும்! பணம் போனதுதான் மிச்சம். ஆகையால் முதலில் திரும்பும் குழாயைச் சோதிக்க வேண்டும். என்ஜினின் அடிப்பாகத்தில் அழுத்தம் கூடியிருந்தாலும் எண்ணெய் இறங்காது. அதையும் பார்க்க வேண்டும்.

துளையிடும்போது உஷார்!

குழாயைச் சேர்க்க, எண்ணெய்த் தொட்டியில் துளை போட வேண்டியிருக்கும். மியாட்டாவில் தொட்டியைக் கழற்றுவது பெரிய வேலை. அதனால் சிலர் கழற்றாமலே துளையிடுகிறார்கள். உலோகத்தூள் ஒட்டிக்கொள்ளட்டும் என்று துளைக்கும் ஆணியில் கிரீஸ் தடவுகிறார்கள். ஆனாலும் உள்ளே விழுந்த ஒரு துணுக்கு பம்பைக் கெடுத்துவிடலாம். தொட்டியைக் கழற்றித் துளையிட்டு, கழுவி மாட்டுவதே பத்திரம்.

வேலை முடிந்ததும் என்ஜினை ஓடவிட்டு, சூடேறிய பிறகு ஒவ்வொரு மூட்டையும் விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். சிவக்கக் காய்ந்த புகைக்குழாயில் எண்ணெய் சொட்டினால் தீப்பற்றும். சொட்டு நின்ற பிறகே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு புறப்பட வேண்டும்.