காட்டிலும் மலையிலும் இறங்கும் சிறு விமானங்கள்

1925-ஆம் ஆண்டு. இன்று நமீபியா என வழங்கும் தென்மேற்கு ஆப்பிரிக்காவில் ஓட்டோ ஃபூர்மன் என்னும் இளங்குருவானவர் காய்ச்சலுக்கு இரையானார். மருந்தே இல்லாத காலமன்று அது. நோயாளியை உரிய நேரத்தில் மருத்துவரிடம் சேர்க்க விரைவான வாகனம் ஒன்றுதான் இல்லை. அவருடைய நண்பர் பவுல் ஷூல்ட்டே, முதல் உலகப் போரில் விமானியாயிருந்து, பின்னர் அமலமரி தியாகிகள் சபையில் குருவானவர். நண்பரின் மரணம் அவரை உறங்கவிடவில்லை. 1927-இல் ஜெர்மனியில் ‘மீவா’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். மறைபரப்பு நாடுகளுக்கு மோட்டார் வண்டிகளும் படகுகளும் விமானங்களும் வாங்கித் தருவதே அதன் பணி. 1938-இல் அவரே ஒரு மிதவை விமானத்தைச் செலுத்திக்கொண்டு கனடாவின் வடகோடியிலுள்ள ஆர்க்டிக் பே என்னுமிடம் சென்று, நோயுற்றுக் கிடந்த கொஷார் என்னும் மறைபரப்புக் குருவைச் சுமந்து வந்தார். ‘பறக்கும் குரு’ என்று உலகம் அவரை அழைத்தது.

இவ்வரலாற்றைக் கேட்ட அன்பர் ஒருவர் நம்மிடம், “சாமி, அப்படியானால் எந்த விமானம் நல்ல விமானம்?” என்று வினவினார். நாம் விமானி அல்லோம். குருமடத்தில் நமக்குக் கற்பித்த தத்துவத்திலும் இறையியலிலும் சுழல்விசிறியைப் பற்றி ஒரு பாடமும் இல்லை. ஆயினும் கேள்வி நம்மை விடவில்லை. படித்தோம், படிக்கப் படிக்க, நம் பங்கிற்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்குமுன் பங்குப் பேரவை நடத்திய விவாதமே நினைவுக்கு வந்தது. பள்ளமும் மேடுமான சாலைக்கு எது தாங்கும், பெட்ரோல் எவ்வளவு குடிக்கும், பழுதானால் பக்கத்து ஊரில் உதிரிப் பாகம் கிடைக்குமா என்ற அதே கேள்விகள்தாம். அங்கே உயிர் ஊசலாடுகிறது என்பதே வேற்றுமை.

கனடாவிலும் அலாஸ்காவிலும் இவற்றைப் ‘புஷ்’ விமானங்கள் என்பர். புதர்க்காட்டு விமானங்கள் என்பது பொருள். சாலை இல்லாத இடத்தில், செப்பனிட்ட ஓடுதளமும் இல்லாத இடத்தில், ஆற்று மணலிலும் புல்தரையிலும் பனியிலும் ஏரி நீரிலும் இறங்கி ஏற வேண்டியவை இவை. பப்புவா நியூகினி நாட்டை எண்ணிப் பாருங்கள். அதன் தலைநகராகிய போர்ட் மோர்ஸ்பியிலிருந்து மத்திய மலைநாட்டுக்கு இன்றும் நேரான சாலை கிடையாது. நாட்டின் மலைகளுள் உயர்ந்ததாகிய வில்ஹெல்ம் சிகரம் 4,509 மீட்டர். மலைச்சரிவில் வெட்டப்பட்ட பல ஓடுதளங்கள் வீட்டுக் கூரைபோலச் சாய்ந்தவை. மேல்நோக்கி இறங்க வேண்டும். கீழ்நோக்கி ஓடி ஏற வேண்டும். தளத்தின் தலைமாட்டில் மலை சுவராக நிற்பதால், இறங்கத் தொடங்கியபின் மனம் மாறி மீண்டும் எழும்புதல் இயலாது. நண்பகலுக்குள் மேகம் மலைவாயில்களை அடைத்துவிடும் என்பதால் விமானிகள் விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடுகின்றனர்.

இன்னொரு பகைவனும் உண்டு, கண்ணுக்குத் தெரியாதவன். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. 1,500 மீட்டர் உயரத்தில் சாதாரணப் பெட்ரோல் எஞ்சின் தன் ஆற்றலில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கை இழந்துவிடும். சிறகுகளைத் தாங்கும் காற்றும் அங்கே மெல்லியதே. வெயில் ஏறினால் நிலைமை இன்னும் மோசமாகும். ஆகவே கடற்கரையில் 300 மீட்டரில் எழும்பும் விமானம், மலைமேல் அதே பாரத்துடன் அவ்வளவு தூரத்தில் எழும்பாது. விற்பனையாளர் தாளில் அச்சிட்டிருக்கும் கணக்கை அப்படியே நம்பியவர் கதை பள்ளத்தாக்கில் முடியும்.

இவ்வகையில் மிகச் சிறியதும் மிகவும் நேசிக்கப்படுவதும் பைப்பர் நிறுவனத்தின் சூப்பர் கப். 1949-இல் வெளிவந்தது. இரும்புக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்திய உடல். 150 குதிரைத்திறன் எஞ்சின். முன்னும் பின்னுமாக இரண்டே இருக்கைகள். ஏறத்தாழ 60 மீட்டர் ஓடினால் எழும்பிவிடும். அலாஸ்காவில் இதற்குப் பருத்த மென்மையான டயர்களை மாட்டி, கூழாங்கற்கள் நிறைந்த ஆற்றங்கரையில் இறக்குகின்றனர். துணி கிழிந்தால் ஒட்டுப்போட்டுத் திரும்பலாம். குறை யாதெனில், படுத்த படுக்கையான நோயாளியையோ, ஒரு குடும்பத்தையோ இதில் ஏற்ற இயலாது. ஒற்றை ஆள் பயணத்திற்கே இது ஏற்றது.

அடுத்து செஸ்னா குடும்பம். 180, 185 என்னும் எண்களுடையவை வாலில் சிறு சக்கரம் கொண்டவை. மூக்கு உயர்ந்து நிற்பதால் கல்லும் புல்லும் சுழல்விசிறியைத் தீண்டுவது குறைவு. கரடுமுரடான தளத்திற்கு உகந்தவை. ஆனால் பக்கக் காற்று வீசும்போது கை தேர்ந்த விமானி இல்லையேல் தரையிலேயே பம்பரம்போல் சுழன்றுவிடும். 206-இல் சக்கரம் மூக்கின்கீழ் வந்தது, ஓட்டுவது எளிதாயிற்று. வலப்பக்கம் பின்புறத்தில் இரட்டைக் கதவு இருப்பதால் நெல் மூட்டை, தகரத் தகடு, நோயாளிக் கட்டில் எதையும் ஏற்றலாம். மறைபரப்புத் தளங்கள் பலவற்றில் இதுவே நெடுநாள் உழைத்த மாடு. இருக்கை ஆறு என்பதால் ஆறு பேரும் முழு எரிபொருளும் ஏற்றலாம் என்று கருதிவிடக்கூடாது. ஒன்றைக் கூட்டினால் மற்றதைக் குறைத்தே ஆகவேண்டும். இதனிடம் கொடிய குறையும் ஒன்றுண்டு. இறங்கும்போது சிறகின் பின்விளிம்புத் தகடுகள் கீழே தொங்கினால், அந்த இரட்டைக் கதவின் முன்பகுதி முழுதாகத் திறவாது. கனடாவில் மிதவைகளுடன் நீரில் கவிழ்ந்த சில 206 விமானங்களில் பயணிகள் அவ்வழியே வெளிவர இயலாமல் மாண்டனர். சரக்குக்கு வசதியான கதவு மனிதருக்குப் பொறியாயிற்று என்பது நம்மை வெகுநேரம் சிந்திக்க வைத்தது.

இனி, கனடா தந்த பீவர். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம். நம் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது இதுவே. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் டி ஹாவிலண்ட் கனடா நிறுவனத்தார், தாங்கள் விரும்பியபடி வரைபடம் போடாமல், காட்டு விமானிகளிடமே சென்று, “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டனர். வேகம் எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கு, நாய்கள் இழுக்கும் பனிவண்டியை முந்தினால் போதும் என்று ஒருவர் விடையளித்ததாகச் சொல்வர். ஆற்றல் வேண்டும், அகன்ற கதவு வேண்டும் என்பதே பலரின் குரலாயிருந்தது. 1947 ஆகஸ்டு 16-ஆம் நாள் பீவர் முதன்முதலாகப் பறந்தது. 450 குதிரைத்திறன் எஞ்சின். விமானியுடன் ஆறேழு பேர் இடம்கொள்ளும் உடல். இருபக்கமும் கதவு, இருநூறு லிட்டர் எண்ணெய்ப் பீப்பாயை அப்படியே உருட்டி ஏற்றலாம். எஞ்சின் எண்ணெய் ஊற்றும் வாய் விமானி அறைக்குள்ளேயே இருப்பதால், உறைபனிக் குளிரில் ஏணி வைத்து ஏற வேண்டியதில்லை, பறக்கும்போதேகூட ஊற்றலாம். சக்கரம், மிதவை, பனிச்சறுக்குக் கட்டை மூன்றையும் காலத்திற்கேற்ப மாற்றிப் பூட்டலாம். 1967 வரை 1,657 விமானங்கள் செய்யப்பட்டன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை அமெரிக்கப் படைக்குச் சென்றன. உற்பத்தி நின்று அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இன்றும் பல பறக்கின்றன. ஆயினும் காதலுக்கும் கணக்கு உண்டு. அந்தப் பழைய வட்ட எஞ்சின் பெட்ரோலைத் தாராளமாகக் குடிக்கும், எண்ணெயையும் கசியவிடும்.

ஹீலியோ கூரியர் என்பது வேறொரு வகை அறிவின் விளைவு. வேகம் குறைந்தவுடன் சிறகின் முன்விளிம்புத் தகடுகள் தாமாகவே முன்னே நீளும். அதனால் மணிக்கு 50 கிலோமீட்டர் அளவு மெதுவாகச் செல்லும்போதும் விமானம் விமானியின் சொல்லைக் கேட்கும். விவிலியத்தைப் பழங்குடி மொழிகளில் பெயர்க்கும் நம் பிரிந்த சகோதரர்களின் விமானப் பிரிவினர் அமேசான் காடுகளில் இதனை மிகுதியும் பயன்படுத்தினர். எனினும் பல்சக்கரம் இணைந்த அதன் எஞ்சினைப் பேணும் செலவு அதிகம். மொத்தம் ஏறத்தாழ ஐந்நூறு மட்டுமே செய்யப்பட்டதால் உதிரிப் பாகம் தேடி அலைய நேர்ந்தது.

சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் போர்ட்டர் 1959-இல் பறந்தது. நீண்ட மூக்குடன் ஒரு கொசுவை ஒத்திருக்கும். அழகன் என்று யாரும் சொல்லார். ஆனால் 1960-இல் நேபாளத்தின் தௌலகிரி மலையேற்றக் குழுவினர்க்காக, ‘எட்டி’ என்று பெயரிடப்பட்ட போர்ட்டர் 5,700 மீட்டர் உயரத்துப் பனித்தளத்தில் இறங்கியது. அதே முயற்சியில் அவ்விமானம் நொறுங்கியது. இரு விமானிகளும் உயிர் தப்பி நடந்தே கீழிறங்கினர். பின்னர் டர்பைன் எஞ்சின் பெற்ற போர்ட்டர், சுழல்விசிறியின் தகடுகளை எதிர்ப்புறம் திருப்பிச் செங்குத்தாய் இறங்கி உடனே நிற்கும் திறம் அடைந்தது. அதன் விலை ஏழைப் பணித்தளத்திற்கு எட்டாக்கனி.

ஒரு எஞ்சினைவிட இரண்டு நல்லதல்லவா என்று கேட்கலாம். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். 1965-இல் இங்கிலாந்தில் பிறந்த ஐலண்டர் இரட்டை எஞ்சினுடன் ஒன்பது பயணிகளைச் சுமக்கும். தீவுக்குத் தீவு தாவ அதற்கு நிகரானவை சிலவே. ஆனால் உயர்ந்த மலைகளின் நடுவே முழுப் பாரத்துடன் செல்லும்போது ஒரு எஞ்சின் நின்றால், மற்றொன்று அதனை மலைவாயிலைத் தாண்டித் தூக்கிச் செல்லாது. நம்பிக்கையான ஒற்றை எஞ்சினே மேல் என்று மலைநாட்டு விமானிகள் பலர் கருதுவதற்குக் காரணம் இதுவே.

எஞ்சினைப் பற்றிப் பேசும்போது ஒரு துயர நிகழ்ச்சியை மறக்க முடியவில்லை. அலாஸ்காவில் இயேசு சபையினருக்கு நன்கொடையாளர் உதவியால் ‘மார்க்கெட் மிஷனரி’ என்னும் பெல்லங்கா விமானம் கிடைத்தது. அதில் பாக்கார்டு டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. விமானத்தில் டீசல் என்பது அக்காலத்தின் பெரும் புதுமை. 1930 அக்டோபர் 12-ஆம் நாள் கோட்செபு ஊரில் அது விழுந்து நொறுங்கியது. அலாஸ்கா மறைபரப்பின் தலைவர் அருட்தந்தை பிலிப் டெலான், அவ்வூர்ப் பங்குக்குரு அருட்தந்தை வில்லியம் வால்ஷ், விமானி ரால்ஃப் வீன் ஆகிய மூவரும் மாண்டனர். நாய்வண்டியில் வாரக்கணக்கில் ஆகும் பயணத்தைச் சில மணி நேரமாகச் சுருக்க வந்த ஊர்தி அது. அந்த விமானியின் பெயரையே கோட்செபு விமான நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது. பாக்கார்டு நிறுவனமோ சில ஆண்டுகளிலேயே அந்த எஞ்சினைக் கைவிட்டது.

அதற்காக விமானத்தை மறைபரப்பாளர் கைவிடவில்லை. நியூகினியின் வேவாக் பகுதியில் 1948-இல் ஆயர் பொறுப்பேற்ற இறைவார்த்தை சபையினராகிய லியோ ஆர்க்ஃபெல்டு, சேற்றுநிலமும் ஆறுமாய்க் கிடந்த தம் பணித்தளத்தைத் தாமே விமானம் ஓட்டிச் சுற்றி வந்தார். ‘பறக்கும் ஆயர்’ என்று மக்கள் அழைத்த அவர் 1999-இல் காலமானார்.

இன்றைய சிக்கல் எரிபொருள். மேலே கூறிய பழைய எஞ்சின்கள் விமானப் பெட்ரோலையே குடிக்கும். அது தொலைவிடங்களில் அரிதாகி விலையும் ஏறிவிட்டது. பீப்பாயில் அடைத்து விமானத்திலேயே கொண்டுவந்தால், கொண்டுவரும் விமானமே ஒரு பங்கைக் குடித்துவிடும். டர்பைன் எஞ்சினுக்கோ பெரிய ஜெட் விமானங்கள் கொள்ளும் மண்ணெண்ணெய் போதும். ஆகவேதான் 1982-இல் முதன்முதல் பறந்த செஸ்னா காரவான் உலகெங்கும் பரவியது. பாரம் சுமப்பதில் அது சளைப்பதில்லை; நீளமான தளம் வேண்டும் என்பதும், சிறகில் பனி படிந்தால் திணறும் என்பதும் அதன் குறைகள்.

காரவான் இறங்க இயலாத குறுகிய தளங்களுக்கென்றே மறைபரப்பு விமான அமைப்புகளின் ஊக்கத்தால் அமெரிக்காவில் கோடியாக் உருவாயிற்று. 2004-இல் பறந்து 2007-இல் சான்றிதழ் பெற்றது. 750 குதிரைத்திறன் டர்பைன், பத்து இருக்கை, கடல்மட்டத்தில் முழுப் பாரத்துடன் 300 மீட்டருக்குள் எழும்பும். கல் படாத உயரத்தில் சுழல்விசிறி அமைந்துள்ளது. விலையைக் கேட்டதும் நமக்கு மூச்சு நின்றது. 20 இலட்சம் டாலருக்கு மேல்.

நம்மைக் கேட்ட அன்பருக்கு நாம் இவ்வாறு விடை சொன்னோம்: பனி ஏரிகள் நிறைந்த வடகனடா என்றால் பீவர், ஒருவரே ஆற்றங்கரைகளைச் சுற்றுவதென்றால் சூப்பர் கப், நியூகினி மலை என்றால், பணமிருந்தால் கோடியாக், இல்லையேல் நன்கு பேணப்பட்ட பழைய 206, அதுவும் இருக்கைகளை முழுதாய் நிரப்பாமல். அவர் திருப்தியடைந்தாரா என்று தெரியவில்லை. “புறப்படுமுன் ஆட்களையும் நிறுப்பார்களாமே, உண்மையா?” என்று மட்டும் கேட்டார். உண்மைதான். நியூகினியின் மலைத்தளங்களில் தராசு ஒன்று புல்தரையில் வைக்கப்பட்டிருக்கும். தாய், கைக்குழந்தை, சேப்பங்கிழங்கு மூட்டை என ஒவ்வொன்றும் அதன்மேல் ஏறி இறங்கும். கணக்கு மிகுந்தால் மூட்டை அடுத்த விமானத்திற்குக் காத்திருக்கும். நோயாளி முதலில் போவார்.