தரையின் மேல் மட்டும் குற்றமா?

"பாட்டி ஸ்நான அறையில் வழுக்கி விழுந்துவிட்டாள், இடுப்பெலும்பு முறிந்துவிட்டது." இந்தச் செய்தியைக் கேளாத வீடு உண்டா? உடனே ஈரத் தரையைத் திட்டுகிறோம். அதே தரையில் பேரன் தினம் நாலு தடவை விழுகிறான். அவனுக்கு ஒன்றும் ஆவதில்லையே!

மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு வேகமாக அடர்த்தி குறைகிறது. வலி கிடையாது. கரையான் அரித்த உத்தரம் போல் வெளிப்பார்வைக்கு உறுதியாகவே இருக்கும். சாதாரண எக்ஸ்-ரே படமும் ஆரம்பத்தில் இதைக் காட்டாது.

காட்டிக்கொடுப்பது 'டெக்ஸா' என்னும் கருவி. மேஜை மேல் சற்று நேரம் படுத்திருந்தால் போதும். மெல்லிய கதிர்கள் இடுப்பையும் முதுகெலும்பையும் அளந்துவிடும். ஊசி இல்லை, மார்புக்கு எடுக்கும் எக்ஸ்-ரேயை விடக் கதிரும் குறைவு. ஆரோக்கியமான இளம் பெண்ணின் எலும்போடு ஒப்பிட்டு மார்க் போடுகிறார்கள். மைனஸ் 1 வரை கவலை இல்லை. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலோ, அதற்கும் கீழே போனாலோ 'எலும்புப் புரை' நோய். உலக சுகாதார ஸ்தாபனம் 1994-ல் வகுத்த கணக்கு இது.

ஆனால் மார்க்கை மட்டும் நம்பக்கூடாது. எலும்பு முறிந்த பெண்களில் பலருக்கு மார்க் அவ்வளவு மோசமாக இருப்பதில்லை! அதனால்தான் 2008-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு சர்வகலாசாலை 'ஃபிராக்ஸ்' என்ற கேள்விக் கணக்கை வெளியிட்டது. வயது, எடை, முன்பு ஏற்பட்ட முறிவு, பெற்றோருக்கு இடுப்பு முறிந்த விவரம், ஸ்டீராய்டு மருந்து, புகை, மது எல்லாவற்றையும் கேட்டு, அடுத்த பத்து வருஷ அபாயத்தைச் சொல்கிறது.

இங்கிலாந்தில் 70 முதல் 85 வயதுள்ள 12,483 பெண்களை இரு பிரிவாக்கி ஐந்து வருஷம் கவனித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான வைத்தியம்தான். மற்றப் பிரிவில் முதலில் கேள்விகள், அபாயம் தெரிந்தவர்களுக்கு எலும்பு அளவு, தேவையானால் மருந்து. 2018-ல் 'லான்செட்' பத்திரிகையில் முடிவு வந்தது. முதல் பிரிவில் இடுப்பு முறிந்தவர்கள் 218 பேர், இரண்டாவதில் 164. மற்ற முறிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்பதும் மெய்தான். ஆனால் மனுஷியைப் படுக்கையில் தள்ளுவது இடுப்பு முறிவல்லவா?

ஆகவே, சகோதரிகளே, வீட்டிலுள்ள தாயாரையும் மாமியாரையும் கேளுங்கள்: ஐம்பது வயதுக்கு மேல் லேசாக விழுந்து மணிக்கட்டு முறிந்ததுண்டா? உயரம் குறைந்து கூன் விழுகிறதா? ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் சாப்பிட்டதுண்டா? 'ஆமாம்' என்றால், எலும்பை அளக்க வேண்டுமா என்று டாக்டரை விசாரியுங்கள். அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள், எதற்கும் 'ஆமாம்' சொல்லாவிட்டாலும் விசாரிப்பது நல்லது. ஈரத் தரையைத் துடைப்பது மட்டும் போதாது!