மழைக்கு முன் மாடியைக் கவனிப்போம்

ஆயுத பூஜை வந்தால் கடைக்கு வெள்ளையடிக்கிறோம். தராசைக் கழுவிப் பொட்டு வைக்கிறோம். கல்லாப் பெட்டிக்கு மாலை போடுகிறோம். ஷட்டருக்குப் புது வர்ணம் பூசுகிறோம். ஆனால் இத்தனை பொருளையும் காத்து நிற்கும் மேல்தளத்தை எத்தனை பேர் ஏறிப் பார்க்கிறோம்? ஐப்பசி அடைமழையில் மூட்டையின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும்போதுதான் ஏணியைத் தேடுகிறோம். அப்போது செய்யக்கூடியது தார்ப்பாய் விரிப்பது ஒன்றுதான்.

நம் ஆரணியில் இது சிறு விஷயம் அல்ல. அரிசியும் பட்டும் இந்த ஊரின் இரண்டு கண்கள். இரண்டுக்குமே ஈரம் பகை. அரிசி மூட்டையில் ஒழுக்கு இறங்கினால் உள்ளே கட்டி பிடித்து, நிறம் மாறி, வாடை வந்துவிடும். சர்க்கரையும் உப்பும் கசியும். வெல்லம் இளகும். நிலக்கடலையிலும் மிளகாயிலும் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். அதை வெயிலில் காயவைத்தோ வறுத்தோ முழுவதும் போக்க முடியாது. ஆகவே நனைந்து பூஞ்சணம் பிடித்த சரக்கை உலர்த்தி விற்பது வியாபார தர்மமும் அல்ல, சட்டத்துக்கு உகந்ததும் அல்ல. பட்டு நூல் காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சும் இயல்புடையது. ஜரிகை ஈரத்தில் கறுத்துவிடும். நெசவாளர் வீட்டில் ஒழுகினால் தறிக்குழியில் தண்ணீர் நின்று வேலையே நின்றுபோகும்.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலை நாம் மறந்திருக்க முடியாது. கடலோரம் அல்லாத நம் திருவண்ணாமலை மாவட்டத்திலும் பெருமழை கொட்டியது. திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. இனி 'நம் ஊருக்குப் புயல் வராது' என்று எண்ணி இருக்க முடியாது.

தண்ணீர் எங்கே இறங்குகிறது?

முதலில் ஒரு கணக்கு. 20 அடிக்கு 30 அடி மாடி என்றால் 600 சதுர அடி. அதில் ஓர் அங்குல மழை பெய்தால் 50 கன அடி தண்ணீர் சேரும். அதாவது ஏறக்குறைய 1,400 லிட்டர். இவ்வளவும் மூலையில் உள்ள ஒரு மழைநீர்க் குழாய் வழியாக வெளியேற வேண்டும். அந்தக் குழாயின் வாயில் வேப்பிலைச் சருகும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக் கொண்டால் மாடி குளமாகிவிடும். குளமான பின் எந்தச் சிறு விரிசலும் வழியாகிவிடும்.

ஒழுக்கு பெரும்பாலும் தளத்தின் நடுவில் தொடங்குவதில்லை. இணைப்புகளில்தான் தொடங்குகிறது. தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், தண்ணீர்த் தொட்டியின் அடிப்பீடம், டிஷ் ஆன்டெனாவுக்கும் பெயர்ப்பலகைக்கும் அடித்த போல்ட் துளைகள், பழைய கட்டடத்தோடு புதிய கட்டடம் ஒட்டும் இடம் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்றும் ஆலங்கன்றும் பெரிய எதிரிகள். மேலே இலையைக் கிள்ளினால் போதாது. வேர் உள்ளேயே பருத்துச் சுவரைப் பிளக்கும்.

மற்றொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கீழே சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்பதில்லை. தட்டோட்டின் அடியில் புகுந்த தண்ணீர் பத்தடி தள்ளிப் போயும் இறங்கும். ஆகவே கறை தெரியும் இடத்தின் மேலே மட்டும் சிமென்ட் அப்புவது வீண் செலவு.

முதல் வேலை சுத்தம்

நமக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடையில் மூன்று ஆண்டில் மூன்று முறை மாடிக்குப் பூச்சு அடித்தார்கள். மூன்று முறையும் ஒழுகியது. பூச்சைக் குறை சொன்னார்கள். உரித்துப் பார்த்தால், அடியில் பாசியும் மண்ணும் அப்படியே இருந்தன. பூச்சு தளத்தைப் பிடிக்கவில்லை, அழுக்கைத்தான் பிடித்திருந்தது. அழுக்கு உரிந்தபோது பூச்சும் சேர்ந்து உரிந்தது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் கொள்வதானால் இதைக் கொள்ளுங்கள்: சுத்தம், அடைப்பு, பூச்சு என்ற வரிசை மாறக்கூடாது.

காலிப் பெட்டிகள், உடைந்த சாமான்கள், பழைய சாக்கு எல்லாவற்றையும் மாடியிலிருந்து அகற்ற வேண்டும். பெருக்கியபின் பாசி உள்ள இடங்களைக் கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டும். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிச் சற்று நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் பாசி வேரோடு போகும். பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது. குளோரின் விஷவாயு கிளம்பும். மாடித் தண்ணீர் மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குப் போகிறது என்றால், கழுவும் நாட்களில் அந்த இணைப்பைக் கழற்றி வெளியே விட வேண்டும்.

கழுவிய தளம் நன்றாக உலர வேண்டும். உலர்ந்ததா என்று அறிய எளிய வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை மாலை நான்கு மணிக்குத் தளத்தின் மேல் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி விடுங்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு எடுத்துப் பாருங்கள். தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் தளத்தில் ஈரம் இன்னும் இருக்கிறது. அதன்மேல் பூசினால் கொப்புளம் கிளம்பும்.

இரண்டாவது அடைப்பு

விரிசலின் மேல் சிமென்ட்டைத் தடவினால் அது ஒரு கோடைக்குத்தான் தாங்கும். விரிசலை 'வி' வடிவில் கொத்தித் தூசியை ஊதிவிட்டு, ஒட்டுதிறன் கூட்டும் லேட்டக்ஸ் கலந்த சிமென்ட் கலவையால் நிரப்ப வேண்டும். வெயிலுக்கு விரிந்து குளிருக்குச் சுருங்கும் இணைப்புகளில் சிமென்ட் நிற்காது. அங்கே இழுபடும் தன்மையுள்ள பாலியூரித்தேன் அல்லது பாலிசல்பைடு சீலண்ட்தான் தாங்கும். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையை நேர் மூலையாக விடாமல், தண்ணீர் தங்காதபடி சாய்வாகக் கலவை பூசி உருட்டிவிட வேண்டும். தட்டோடுகளின் சந்து பெயர்ந்திருந்தால் பழைய கலவையைச் சுரண்டி எடுத்துப் புதிதாக அடைக்க வேண்டும். தட்டினால் 'டொக்' என்று பொள்ளல் ஓசை தரும் ஓட்டை எடுத்து மாற்றுவதே நல்லது.

தண்ணீர் தேங்கும் பள்ளம் இருந்தால் குழாயை நோக்கி வாட்டம் சரிசெய்ய வேண்டும். வாட்டம் இல்லாத மாடிக்கு எந்தப் பூச்சும் நிரந்தரம் அல்ல.

நம் ஊரின் பழைய கடைகளுக்கும் வீடுகளுக்கும் தனி எச்சரிக்கை. தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் தளங்கள் இன்னும் பல உள்ளன. அக்காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டித் தளம் போட்டார்கள். அந்தத் தளம் ஈரத்தை வாங்கி வெயிலில் வெளிவிடும். அதன்மேல் காற்றுப் போகாத தார்ப் பூச்சைப் போட்டு மூடினால் உள்ளே சிக்கிய ஈரம் உத்திரத்தை உளுக்கச் செய்யும். இத்தகைய தளத்தைச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கொண்டே பழுது பார்க்க வேண்டும்.

மூன்றாவது பூச்சு

காங்கிரீட் மாடிக்கு இப்போது கிடைக்கும் அக்ரிலிக் பூச்சுகள் காய்ந்தபின் ரப்பர் போல இழுபடும். முதலில் நீர்த்த கை ஒன்று, அது காய்ந்தபின் கெட்டியாக இரண்டு கை. முதல் கையைக் கிழக்கு மேற்காக இழுத்தால் அடுத்ததை வடக்கு தெற்காக இழுக்க வேண்டும். அப்போதுதான் விட்ட இடம் மூடும். மூலைகளிலும் விரிசல் அடைத்த இடங்களிலும் கண்ணாடி நார் வலையைப் பூச்சுக்குள் பதித்தால் பலம் கூடும். புதிய சிமென்ட் வேலைக்கு 28 நாள் கழித்தே பூச வேண்டும். உச்சி வெயிலில் பூசினால் மேல்புறம் மட்டும் காய்ந்து தோலாகிவிடும். காலையிலோ மாலையிலோதான் பூச வேண்டும். வெள்ளை நிறமாக இருந்தால் வெயிலைத் திருப்பி அனுப்பி, கீழே கிடங்கின் சூட்டையும் குறைக்கும்.

பூசிய பிறகு காங்கிரீட் தளத்தில் குழாய் வாயை அடைத்து ஓர் அங்குலத் தண்ணீரை ஒருநாள் முழுவதும் நிறுத்திச் சோதிக்கலாம். ஆனால் 600 சதுர அடியில் ஓர் அங்குலத் தண்ணீர் என்றால் 1,400 கிலோ எடை. பழைய தளத்திலும் கம்பி துருப்பிடித்துப் பூச்சு உதிரும் தளத்திலும் இந்தச் சோதனை கூடாது.

தகடும் ரப்பரும்

கிடங்குகளில் பலவற்றுக்குத் தகட்டுக் கூரை. அங்கே ஒழுக்கு வருவது திருகாணியைச் சுற்றித்தான். திருகாணியின் அடியில் உள்ள ரப்பர் வாஷர் சில ஆண்டு வெயிலில் இறுகி வெடிக்கும். அப்போது வாஷரோடு திருகாணியையும் மாற்ற வேண்டும். மிகவும் முறுக்கினால் வாஷர் நசுங்கி அதுவே ஒழுகும். துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, அதன்மேல் வர்ணம் பூச வேண்டும்.

மேல்நாடுகளில் வீட்டையே சக்கரத்தின் மேல் கட்டி ஊர் ஊராக ஓட்டிச் செல்லும் வண்டிகள் உண்டு. அவற்றில் பலவற்றின் கூரை முழுவதும் ஈ.பி.டி.எம். என்ற ரப்பர் விரிப்பால் ஆனது. நல்ல திருகாணி வாஷர்களும் அதே ரப்பர்தான். அங்கும் சோப்புத் தண்ணீரால் கழுவி, ஓரங்களையும் துளைகளையும் அடைத்து, பிறகுதான் பூச்சு பூசுகிறார்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் பட்டால் அந்த ரப்பர் உப்பிக் கெடும். ஆகவே நாமும் வாஷர்களை மண்ணெண்ணெயால் துடைக்கக் கூடாது.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கம்பித் தூரிகையால் தேய்க்கவோ அறுக்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். அதன்மேல் நேரடியாகக் கால் வைத்தால் உடைந்து கீழே விழ நேரும். பலகை போட்டு, அனுபவம் உள்ளவரைக் கொண்டே வேலை செய்ய வேண்டும். கடைப் பையனை ஏற்றி விடாதீர்கள்.

வாடகைக் கடையானால்?

நம்மில் பலர் வாடகைதாரர்கள். 'கூரை அவருடையது, சரக்கு நம்முடையது' என்ற இழுபறியில் மழை வந்துவிடுகிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது உரிமையாளர் பொறுப்பு என்றும், வடிகாலைச் சுத்தம் செய்வது போன்ற அன்றாடப் பராமரிப்பு வாடகைதாரர் பொறுப்பு என்றும் பிரிக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். ஒழுக்கைப் படம் எடுத்து, கோடையிலேயே எழுத்தில் தெரிவியுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டது பிறகு நிற்காது.

காப்பீடு இருக்கிறது என்று இருந்துவிடவும் கூடாது. 2021 ஏப்ரல் முதல் 5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட தொழில்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசி உள்ளது. புயல், வெள்ளம் அதில் அடங்கும். ஆனால் பராமரிக்காத கூரை நாளடைவில் கசிந்த நஷ்டத்தைக் கேட்கும்போது தகராறு வரும். செய்த வேலைக்கான பில்லையும் படத்தையும் பாலிசியோடு சேர்த்து வையுங்கள்.

எப்போது எதைச் செய்வது?

நம் பகுதியில் ஆடி, ஆவணியிலேயே மாலை மழை தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. ஆகவே மாசியில் ஏறிப் பார்த்துக் குறை எழுதுவோம். பங்குனியில் கழுவி, சித்திரைக்குள் விரிசலையும் வாட்டத்தையும் சரி செய்வோம். வைகாசியில் பூசுவோம். ஆடியிலிருந்து வாரம் ஒருமுறை குழாய் வாயில் சருகை அள்ளுவோம். இதற்குக் காசு தேவையில்லை, பத்து நிமிடம் போதும்.

கீழேயும் சிறிது கவனம் வேண்டும். மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் கட்டைகளின் மேல் அடுக்குங்கள். சுவரை ஒட்டாமல் ஆள் நடக்கும் அளவு இடம் விடுங்கள். ஒழுக்கு வந்தாலும் அன்றே கண்ணில் படும், சரக்கும் தப்பும்.

ஆயுத பூஜையன்று தராசுக்கும் கல்லாவுக்கும் பொட்டு வைக்கும்போது, மேலே தளம் உலர்ந்து உறுதியாக இருக்கிறது என்ற நிம்மதியும் நமக்கு இருக்கட்டும். அந்த நிம்மதிக்கான வேலை கோடையில்தான் இருக்கிறது.