பின்னிஷ் தெரிந்தால் கட்டணம் இல்லை

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பின்லாந்து என்றால் நோக்கியா. 2006இல் திறந்த அந்தக் கைபேசி ஆலை 2014 நவம்பர் 1ஆம் தேதி மூடப்பட்டதோடு, பலருக்கு அந்த நாட்டோடு இருந்த தொடர்பும் அறுந்துபோனது. இன்று பிளஸ் டூ முடித்துவிட்டு, "நான் பின்லாந்துல படிக்கப்போறேன்" என்று வீட்டில் பேச்செடுக்கும் பிள்ளைகள் வேறு வாசல் வழியாக வந்தவர்கள். ஒரு பெண் நைட்விஷ் குழுவின் மெட்டல் பாடல்களைக் கேட்டு வந்திருப்பாள். இன்னொருவன் டோவெ யான்சனின் மூமின் கதைகளிலோ அகி கௌரிஸ்மாகியின் படங்களிலோ மாட்டிக்கொண்டிருப்பான். உறைந்த ஏரியில் துளை போட்டு இறங்குபவர்களின் வீடியோவைப் பார்த்தே மனம் பறிகொடுத்தவர்களும் உண்டு.

"பாட்டு பிடிச்சிருக்குன்னு யாராவது நாடு விட்டு நாடு படிக்கப் போவாங்களா?" என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் பின்லாந்து விஷயத்தில் அந்தப் பிடிப்பை விளையாட்டுத்தனம் என்று தள்ளிவிட முடியாது. வெறும் வெளிநாட்டுப் பட்டத்துக்காகப் போகிறவரைவிட, அந்த நாட்டின் மேல் ஆசைப்பட்டுப் போகிறவருக்கு அங்கே செலவும் குறையலாம், வேலையும் எளிதாகக் கிடைக்கலாம். ஒரே நிபந்தனை, அந்த ஆசை மொழியைக் கற்பதில் போய் முடிய வேண்டும். அது ஏன் என்று கட்டணக் கணக்கிலிருந்தே பார்க்கலாம்.

யாருக்கு இலவசம்?

பின்லாந்தில் கல்வி இலவசம் என்ற பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. அது பாதி உண்மை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கும் வெளியிலிருந்து வந்து ஆங்கிலவழி இளநிலை, முதுநிலைப் பட்டப்படிப்பில் சேருகிறவர்கள் 2017 ஆகஸ்ட் முதல் கட்டணம் கட்டியாக வேண்டும். சட்டம் அப்போது விதித்த குறைந்தபட்சத் தொகை ஆண்டுக்கு 1,500 யூரோ. நடைமுறையில் அந்தத் தொகைக்கு யாரும் இடம் தருவதில்லை. 8,000, 12,000, 18,000 யூரோ என்று படிப்புக்குப் படிப்பு ஏறிக்கொண்டு போகும். 2025 முதல் விண்ணப்பம் போடவே 100 யூரோ. உதவித்தொகைகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கட்டணத்தில் பாதியையோ முழுவதையுமோ தள்ளுபடி செய்பவை. சாப்பாடும் வாடகையும் நம் கைக்காசு.

அதே பல்கலைக்கழகத்தில் பின்னிஷ் மொழியிலோ சுவீடிஷ் மொழியிலோ நடக்கும் படிப்பில் சேர்ந்தால் கட்டணம் கிடையாது. மாணவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சரி. முனைவர் பட்ட ஆய்வுக்கு எந்த மொழியிலும் கட்டணம் இல்லை. நம் கல்லூரிக்கும் அங்கேயுள்ள பல்கலைக்கழகத்துக்கும் பரிமாற்ற ஒப்பந்தம் இருந்து ஒரு செமஸ்டர் போய் வந்தால் அங்கே கட்ட வேண்டியது எதுவுமில்லை. வெளிநாட்டுப் படிப்பு ஏஜென்ட்டுகளின் துண்டறிக்கைகளில் இந்த விவரங்களைத் தேடாதீர்கள். அவர்களுக்கு இதில் வரும்படி இல்லை.

அதற்காகப் பிளஸ் டூ முடித்த கையோடு பின்னிஷ்வழிப் படிப்பில் நுழைந்துவிட முடியாது. நுழைவுத் தேர்வை அந்த மொழியிலேயே, அந்த மொழியில் பிறந்து வளர்ந்தவர்களோடு போட்டியிட்டு எழுத வேண்டும். நடைமுறைக்கு ஏற்ற வழி, இளநிலைப் பட்டத்தை இங்கேயோ அங்கே ஆங்கிலவழியிலோ முடித்தபடி மூன்று நான்கு ஆண்டுகள் விடாமல் மொழியைப் படித்து, முதுநிலைக்குப் பின்னிஷ்வழியில் சேர முயல்வது. இன்னும் சின்ன வயதிலேயே போக நினைப்பவர்களுக்கு ஏஎஃப்எஸ் போன்ற அமைப்புகளின் பள்ளிப் பரிமாற்றத் திட்டங்கள் உண்டு: ஓராண்டு ஒரு குடும்பத்தோடு தங்கி, உள்ளூர் மேல்நிலைப் பள்ளிக்குப் போய்வரலாம். அதற்குத் திட்டக் கட்டணம் தனி.

உயர்கல்வி நிலையங்களில் இரண்டு வகை இருப்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆய்வை மையமாகக் கொண்டவை பல்கலைக்கழகங்கள். 1640இல் துர்கு நகரில் தொடங்கி, அந்நகரை 1827இல் பெருந்தீ அழித்த பிறகு தலைநகருக்கு இடம்பெயர்ந்த ஹெல்சின்கிப் பல்கலைக்கழகம் அவற்றில் மூத்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை எழுதத் தொடங்கியது அங்கே மாணவராக இருந்தபோதுதான். இன்னொரு வகை, தொழிற்பயிற்சியோடு பட்டம் தரும் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்கள். ஆங்கிலவழி இளநிலைப் படிப்புகள் இவற்றில்தான் அதிகம். பிசா என்ற பன்னாட்டுப் பள்ளி மாணவர் தேர்வில் பின்லாந்து வாங்கிய பெயர் பள்ளிக்கூடங்களுக்கானது. அதை வைத்துக் கல்லூரியைத் தேர்வு செய்யக்கூடாது.

தமிழ் தெரிந்தவருக்கு ஒரு சலுகை

பின்னிஷ் கடினமான மொழி என்று உலகமே சொல்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் நிறுவனமும் அப்படித்தான் வகைப்படுத்தியிருக்கிறது: 44 வாரம், 1,100 வகுப்பு மணி நேரம். அதே பட்டியலில் அதே வரிசையில் தமிழும் இருக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவரைத் திணறடிக்கும் பல விஷயங்கள் நமக்குப் பழகியவை என்பதால் இது நமக்குச் சாதகமான செய்தி.

பின்னிஷில் 'துலி' நெருப்பு, 'தூலி' காற்று, 'துல்லி' சுங்கம். குறில் நெடிலையும் ஒற்றை இரட்டையையும் பிரித்துக் கேட்க ஐரோப்பியர்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுப்பார்கள். பலியையும் பல்லியையும் குழப்பிக்கொள்ளாமல் வளர்ந்த காதுக்கு அது ஒரு வாரத்தில் பிடிபடும். வேற்றுமைகளையும் அவர்கள் நம்மைப்போல் சொல்லின் வாலில்தான் ஒட்டுவார்கள்: 'தலொ' வீடு, 'தலொஸ்ஸ' வீட்டில், 'தலொஸ்த' வீட்டிலிருந்து. நமக்கு எட்டு வேற்றுமை, அவர்களுக்குப் பதினைந்து. அவன், அவள் என்ற பிரிவு இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல். இன்னொரு முக்கியமான ஒற்றுமை, எழுத்து மொழியும் பேச்சு மொழியும் அங்கேயும் தனித்தனி. புத்தகத்தில் 'மினா ஒலென்' என்று படித்துவிட்டுப் பேருந்தில் ஏறினால் 'மா ஓன்' என்று காதில் விழும். மற்ற வெளிநாட்டு மாணவர்கள் ஏமாற்றப்பட்டதுபோல் விழிப்பார்கள். நமக்கு அது பிறந்ததிலிருந்து தெரிந்த சங்கதி.

இதனால் இரண்டும் உறவு மொழிகள் என்று துள்ள வேண்டாம். 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளைப் பின்னிஷ் உள்ளிட்ட மொழிக் குடும்பத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இன்றைய மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்பதில்லை. சொற்களில் ஒட்டு உறவு கிடையாது. ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

தமிழுக்கும் பின்லாந்துக்கும் மெய்யான தொடர்பு வேறு இடத்தில் இருக்கிறது. சிந்துவெளி எழுத்தின் மொழி திராவிடம் என்ற கருத்தோடு அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆராய்ந்தவர் ஹெல்சின்கிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அஸ்கோ பர்போலா. 2010இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டில் கலைஞர் மு. கருணாநிதி செம்மொழித் தமிழ் விருது அவருக்கு வழங்கப்பட்டது. எலியாஸ் லென்ரோட் நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டி 1835இல் வெளியிட்டு, 1849இல் 50 பாடல்களாக விரித்த தேசிய காவியம் கலேவலா. அதைத் தமிழில் செய்யுளாகவே தந்தவர், ஹெல்சின்கியில் வாழ்ந்த ஈழத்து எழுத்தாளர் உதயணன் என்ற இரா. சிவலிங்கம். 1994இல் வெளிவந்த அந்த மொழிபெயர்ப்பு மதுரைத் திட்டத்தின் இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பின்லாந்துப் பண்பாடு பிடிக்கும் என்று சொல்லும் தமிழ்ப் பிள்ளை அதைப் புரட்டியாவது பார்த்திருக்க வேண்டும் என்பேன்.

தட்டும் அங்கியும் இருட்டும்

பத்து மணி வகுப்பு என்று அட்டவணையில் இருந்தால் பல இடங்களில் அது பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். கால்மணி தள்ளித் தொடங்குவது பழைய பல்கலைக்கழக மரபு. பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்; சார், மேடம் கிடையாது. முதல் மாதம் நம் பிள்ளைகளுக்கு நாக்கு எழாது.

மதியச் சாப்பாட்டுக்கு அரசு மானியம் உண்டு. கேலா என்ற சமூகக் காப்பீட்டு நிறுவனம் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்வதால், மாணவர் அட்டையைக் காட்டினால் ஏறத்தாழ மூன்று யூரோவுக்கு முழுச் சாப்பாடு. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு அவித்த உருளைக்கிழங்கு, மீதிக் கால் பங்கில் மீனோ பருப்பு வகையோ, ஓரத்தில் கம்பு நிறத்தில் ஒரு துண்டு ரை ரொட்டி, கூடவே ஒரு குவளை பால் அல்லது புளித்த மோர். தாளிப்பை எதிர்பார்க்கக்கூடாது. சைவத்துக்குக் குறையில்லை. ஹெல்சின்கி மாணவர் சங்கத்தின் யூனிகஃபே உணவகங்கள் 2020இல் சூழல் கருதி மாட்டிறைச்சியையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. வெளியே ஓட்டலில் சாப்பிட்டால் அந்த விலையைப்போல் நான்கு மடங்காவது ஆகும் என்பதால் மாணவர்கள் இந்தத் தட்டை விடுவதில்லை.

மாணவர் குடியிருப்புகளில் துணி துவைக்கும் அறைக்கு இருப்பதுபோல் சவுனாவுக்கும் முறைவைப்புப் பட்டியல் தொங்கும். ஆண்களுக்கு ஒரு நேரம், பெண்களுக்கு ஒரு நேரம். உள்ளே ஆடையில்லாமல் உட்காருவதுதான் அங்கே இயல்பு. கூசுகிறவர்களை யாரும் வற்புறுத்துவதுமில்லை, கேலி செய்வதுமில்லை. இந்தச் சவுனா மரபை யுனெஸ்கோ 2020இல் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

பண்பாட்டு ஆசையோடு போகிறவர் தவறவிடக் கூடாதது மாணவர் அங்கி. பட்டறைத் தொழிலாளி அணிவதுபோன்ற முழுநீள உடுப்பு. துறைக்கு ஒரு நிறம். விழாக்களில் வாங்கிய துணிச் சின்னங்களை ஒவ்வொன்றாக ஊசி நூலால் தைத்து நிரப்புவார்கள். ஒருவர் எந்தத் துறை, எந்தெந்தக் கொண்டாட்டத்துக்குப் போனார் என்பதெல்லாம் அதிலேயே தெரியும். ஏப்ரல் 30 மாலை, மே தினக் கொண்டாட்டம் தொடங்கும்போது ஊரே இந்த நிறங்களில் மிதக்கும். பெரியவர்கள் தலையில் அன்று தெரியும் வெள்ளைத் தொப்பி, மேல்நிலைப் பள்ளி இறுதித் தேர்வில் தேறியபோது போட்டுக்கொண்டது.

இருட்டைப் பற்றிச் சுற்றுலா வீடியோக்கள் அதிகம் பேசுவதில்லை. டிசம்பரில் ஹெல்சின்கியில் பகல் ஆறு மணி நேரம்கூட இல்லை. ஔலுவில் மூன்றரை மணி நேரம். வடகோடி உட்ஸ்யோகியில் ஐம்பது நாள்போல் சூரியன் எழுவதே கிடையாது. பனி விழுந்துவிட்டால் அந்த வெண்மையிலாவது கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். அதற்கு முந்தைய நவம்பர்தான் கொடுமை. அங்கே எல்லோரும் வைட்டமின் டி மாத்திரை போடுகிறார்கள். பட்டப்படிப்பு மாணவர்கள் பருவத்துக்கு ஒருமுறை கேலாவுக்குச் செலுத்தும் சிறு தொகையில் மாணவர் மருத்துவ சேவை கிடைக்கும், மனநல ஆலோசனையும் அதில் சேர்த்தி. தேவைப்பட்டால் தயங்காமல் போக வேண்டும்.

கையில் எவ்வளவு வேண்டும்?

வசிப்பு அனுமதிக்கு, மாதம் 800 யூரோ வீதம் முதல் ஓராண்டுக்கு 9,600 யூரோவைக் கணக்கில் காட்ட வேண்டும். 2024 நவம்பருக்கு முன் மாதத்துக்கு 560 யூரோவாக இருந்தது. கல்விக் கட்டணமும் மருத்துவக் காப்பீடும் இதற்கு மேல். நல்ல செய்தி, 2022 முதல் படிப்புக் காலம் முழுவதற்கும் ஒரே அனுமதியாகத் தருகிறார்கள். படித்து முடித்தபின் வேலை தேட இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு.

படிக்கும்போது வாரத்துக்குச் சராசரி 30 மணி நேரம் வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. "பகுதிநேர வேலை பார்த்தே கட்டணத்தைக் கட்டிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அண்மை ஆண்டுகளில் அங்கே வேலையின்மை கூடியிருக்கிறது. துப்புரவு வேலைக்கும் உணவு விநியோகத்துக்கும்கூடப் போட்டி. கணினித் துறையிலும் ஆய்விலும் ஆங்கிலத்தை வைத்து ஓட்டலாம். செவிலியர், ஆசிரியர், சமூகப் பணி, கடை, அலுவலகம் என்று எங்கே திரும்பினாலும் பின்னிஷ் கேட்பார்கள். குடியுரிமைக்கு 2024 அக்டோபர் முதல் எட்டு ஆண்டு வசிப்பு வேண்டும். தேசிய மொழித் தேர்வின் ஆறு நிலைகளில் மூன்றாவதிலாவது தேறியிருக்கவும் வேண்டும்.

மொழி கற்க அங்கே உள்ள பெரிய தடை, பின்லாந்துக்காரர்களின் நல்ல ஆங்கிலம். நாம் தடுமாறியவுடன் உதவி செய்வதாக நினைத்து ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். அப்படியே ஐந்து ஆண்டு ஓட்டிவிட்டு, வேலை தேடும்போது கையைப் பிசைகிறவர்கள் அதிகம். "பின்னிஷிலேயே பேசுங்கள்" என்று முகத்துக்கு நேரே கேட்டுப் பழக வேண்டும். ஒரு பாடகர் குழுவிலோ விளையாட்டுச் சங்கத்திலோ சேர்ந்தால் அது தானாக நடக்கும்.

ஆங்கிலவழிப் படிப்புகளுக்கான கூட்டு விண்ணப்பம் ஆண்டுதோறும் ஜனவரியில் ஸ்டடிஇன்ஃபோ தளத்தில் திறக்கிறது. வகுப்புகள் அந்த ஆண்டின் இலையுதிர்ப் பருவத்தில் தொடங்கும். ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுக்காமல் நீங்களே விண்ணப்பிக்கலாம். அதற்குமுன் ஒரு வேலை இருக்கிறது. பின்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான யூலே, எளிய பின்னிஷில் வாசிக்கும் செய்தியறிக்கையை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. 'சுவோமென் மெஸ்தரி' என்ற பாடநூலின் முதல் பாகத்தை வைத்துக்கொண்டு ஆறு மாதம் அதைக் கேட்டுப்பாருங்கள். அந்த ஆறு மாதத்தில் சலித்துப்போனால் விண்ணப்பக் கட்டணம் 100 யூரோ மிச்சம். சலிக்கவில்லை என்றால் பெற்றோர் தடுக்க வேண்டாம், அனுப்பி வையுங்கள்.