கலைப் பட்டமும் கல்விக் கடனும்

கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்துச் சங்கம் ஒன்றுக்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தபோது, நெசவாளரான அங்கத்தினர் ஒருவர் நம்மை அணுகினார். அவருடைய மகள் 12-ஆம் வகுப்பில் தேறியவர். வெளியூர்த் தனியார் கல்லூரியில் விடுதியில் தங்கிப் பொருளாதாரம் பயில விரும்புகிறார். வங்கியில் கடன் வாங்கலாமா, கூடாதா என்பதே கேள்வி. இக்கேள்வி பல இல்லங்களில் எழுவதாகலின், அவருக்குக் கூறிய விடையை இங்கே விரித்துரைக்கிறோம்.

கூட்டுறவாளர் எந்தக் கடனையும் ஓர் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பர். கடன் வாங்கிய பொருளே கடனை அடைக்குமா என்பதே அது. நூலுக்கு வாங்கிய கடனைச் சேலை அடைக்கிறது. உரத்துக்கு வாங்கிய கடனை விளைச்சல் அடைக்கிறது. படிப்புக்கு வாங்கும் கடனைப் பட்டம் பெற்றபின் வரும் சம்பளம் அடைக்க வேண்டும். ஆகவே, அச்சம்பளத்தின் அளவைக் கொண்டே கடனின் அளவைத் தீர்மானிப்பது முறை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்கு 1 லட்சமாக மூன்று ஆண்டுகளுக்கு 3 லட்சம் ரூபாய், வட்டி நூற்றுக்குப் 10 என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆயினும் வட்டி நின்றுவிடுவதில்லை. அந்த நான்கு ஆண்டுகளில் தனிவட்டியாக 90,000 ரூபாய் ஏறி, கடன் 3,90,000 ஆகிவிடும். அதை ஏழாண்டுகளில் அடைக்க மாதம் 6,474 ரூபாய் வேண்டும். முதற்சம்பளம் 15,000 என்றால், நூற்றுக்கு 43 பங்கு கடனுக்கே போய்விடும். தவணையைப் பத்தாண்டுக்கு நீட்டினால் மாதம் 5,154 ஆகக் குறையும். ஆனால் மொத்தத்தில் 6 லட்சத்துக்கு மேல் கட்ட நேரும்.

பொருளாதாரம், வரலாறு, சமூகவியல் முதலிய பாடங்களில் பட்டம் பெற்றவுடன் பெருஞ்சம்பளம் கிடைப்பது அரிது. பெரும்பாலும் பி.எட்., எம்.ஏ., சமூகப்பணி முதுகலை ஆகியவற்றில் ஒன்றைப் பயின்ற பின்னரோ, தேர்வாணையத் தேர்வில் வென்ற பின்னரோதான் வருவாய் உயர்கிறது. தவணையோ அதுவரை காத்திராது. ஆஸ்திரேலியாவில் 1989 முதல், வருவாய் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பின்பே கல்விக் கடனைத் திருப்பிச் செலுத்தும் முறை உள்ளது. நம் நாட்டு வங்கிகளில் அம்முறை இல்லை. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணை நாள் வந்துவிடும். பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திடுவதால், பாக்கி அவர் தலையிலும் விழும்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. 2009-இல் மத்திய அரசு தொடங்கிய வட்டி மானியம் தொழிற்கல்விக்கும் தொழில்நுட்பக் கல்விக்கும் உரியது. கலைப் பட்டத்துக்கும் அது கிடைக்கும் என்று நம்பிக் கையெழுத்திட்டு ஏமாறலாகாது. அதே சமயம், 2015-இல் ஏற்பட்ட கடன் உத்தரவாத நிதியின்கீழ் வரும் கடன்களுக்கு ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு வேண்டியதில்லை. ஆகவே வீட்டுப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

அப்படியாயின் கலைப் பட்டமே வேண்டாவோ எனின், அது நம் கருத்தன்று. நாமும் அத்தகைய பட்டம் பெற்றே இப்பணிக்கு வந்தோம். தேர்வாணையத்தின் முதல் தொகுதித் தேர்வுக்குப் பட்டம் வேண்டும். அதைச் செலவு மிகுந்த கல்லூரியில்தான் பெற வேண்டும் என்ற நியதி இல்லை. சுரண்டைக் காமராஜர் அரசு கலைக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளிலும் பட்டம் பெறலாம். பஸ்ஸில் சென்றுவரக்கூடிய கல்லூரியில் ஆண்டுக்கு 20,000 ரூபாய் செலவாவதாகக் கொண்டு, அது முழுவதையும் கடனாகவே பெற்றாலும், மேற்சொன்ன கணக்கின்படி ஏழாண்டுத் தவணை மாதம் 1,295 ரூபாய்தான். அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியருக்கென 2022-இல் புதுமைப் பெண் திட்டமும், மாணவருக்கென 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் உதவியாக ஏற்பட்டன. தகுதியுடையோர் விசாரித்துப் பெறுதல் நலம்.

கடன் வாங்கியே தீரவேண்டுமெனில் இரண்டு விதிகளைக் கூறுவோம். முதலாவது, எதிர்பார்க்கும் முதற்சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குத் தவணை மிகாதிருக்கட்டும். சம்பளம் 15,000 எனில் தவணை 3,000. அதற்கேற்ற கடன் மூன்றாண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 1 லட்சத்து 39 ஆயிரம். இரண்டாவது, படிக்கும் காலத்திலும் அதன்பின் வரும் ஓராண்டிலும் வட்டியை மாதந்தோறும் கட்டிவிடுங்கள். 3 லட்சம் கடனிலும் அவ்வாறு செய்தால் தவணை 6,474-இலிருந்து 4,980 ஆகக் குறையும்.

அந்த அங்கத்தினர் கணக்கைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, "மகளிடமும் காட்டுகிறேன், ஐயா" என்று சொல்லிச் சென்றார். அதுவே சரியான வழி. கடனைச் சுமக்கப்போகிறவர் கணக்கை அறிந்திருக்க வேண்டும். படிப்பை நிறுத்தாதீர்கள், அளவறிந்து கடன் வாங்குங்கள்.