துவக்கில்லாமல் அப்பாவோடு காட்டுக்கு

எங்கள் பெரியவர்கள் காலத்தில் பெருங்காட்டுக்குப் போவதென்றால் துவக்கோடு போவதுதான். அப்பா பொடியனாக இருந்தபோது, ஊரில் பேர்போன வெடிகாரரான தன் பெரியப்பாவின் பின்னால் தோட்டாப் பையைச் சுமந்துகொண்டு படுவான்கரைக் காடுகளில் அலைந்தவர். இன்றைக்கு எழுவான்கரையில், வாவிக்கும் கடலுக்கும் நடுவே நாவற்குடாவில் இருக்கிற எங்களுக்கு, தாய் தகப்பனோடு நாட்கணக்கில் காட்டில் தங்கிப் போகும் பயணம் ஒன்றுதான் உண்டு. அது கதிர்காமப் பாதயாத்திரை. பாணமைக்கு அப்பால் உகந்தை முருகனைக் கும்பிட்டு, குமண காட்டையும் யால காட்டையும் ஊடறுத்துப் போகிற பாதை. இந்த வருடமும் அப்பாவை அழைத்துப் போக ஆயத்தம் செய்கிறேன். துவக்குக்குப் பின்னால் நடந்து அவர் படித்த பாடமெல்லாம் துவக்கில்லாத இந்தப் பயணத்துக்குத்தான் உதவுகிறது.

இலங்கையின் உலர்காடுகள் ஒரு காலத்தில் வெள்ளைக்காரரின் வேட்டைக்களம். பயிரை அழிக்கிறதென்று சொல்லி, யானையைக் கொன்றவர்களுக்கு அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. மேஜர் ரோஜர்ஸ் என்ற ஒரே மனிதர் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டார் என்பார்கள். 1845-இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். பிறகு விலங்குகள் அருகிப்போவதைக் கண்டு, வேட்டையாடியவர்களே முன்னின்று 1894-இல் ஒரு பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். 1938-இல் யால தேசிய பூங்காவானது. யானை, சிறுத்தை, கரடி, மான், மரை எதைக் கொன்றாலும் இன்று குற்றம். அந்தச் சட்டம் இன்னும் இறுக்கமாக நடைமுறையாக வேண்டும் என்பதே என் எண்ணம். கட்டுத்துவக்கில் கால் சிதைந்த யானையை ஒருமுறை பார்த்தவன் வேறு மாதிரி நினைக்க மாட்டான்.

ஆயத்தத்தில் முதல் வேலை பொதி கட்டுவதல்ல, அப்பாவின் உடம்பைப் பார்ப்பது. அவருக்குப் பிரஷரும் சீனி வருத்தமும் இருக்கிறது. புறப்பட ஒரு மாதத்துக்கு முன்பே கிளினிக்குக்குக் கூட்டிப்போய், நடக்கலாமா, வழியில் சாப்பாடு குறைந்தால் குளிசையை எப்படிப் போடுவது என்று டொக்டரிடம் கேட்டுவிடுவேன். குளிசைகளை இரண்டு பங்காக்கி, ஒன்றை அவர் மடியிலும் மற்றதை என் பையிலும் வைப்பது வழக்கம். ஒரு பை ஆற்றில் நனைந்தாலும் மற்றது இருக்கும். சீனி வருத்தக்காரருக்குக் காலில் முள் குத்தினாலும் சிலவேளை தெரியாது. அதனால் ஒவ்வொரு பின்னேரமும் அவர் பாதத்தை நான்தான் கழுவி, விரலிடுக்கு வரை ரோச் அடித்துப் பார்ப்பேன். புதுச் செருப்பு கூடவே கூடாது. கால் பழகிய செருப்புத்தான் நல்லது.

சுமை குறைய வேண்டும், தண்ணீர் மட்டும் குறையக் கூடாது. குமுக்கன் ஆற்றைக் கடந்தபின் நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பது அந்த வருடத்து மழையைப் பொறுத்தது. அரிசி, பருப்பு, அவல், பேரீச்சம்பழம், ஜீவனிப் பக்கற், தறப்பாள், கயிறு. இவ்வளவு போதும். வாழைப்பழத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கக் கூடாது. யானைக்கு மோப்பம் மிகக் கூர்மை. படுக்கிற இடமும் விலங்குகள் தண்ணீருக்கு இறங்கும் தடத்தில் இருக்கக் கூடாது.

இனி அப்பாவின் பாடம். "மனே, முதல்ல காத்தப் பாரு, மறுகா காலடியப் பாரு" என்பார். வெடிகாரன் காற்றுக்கு எதிரேதான் நடப்பான், அவன் வாடை மிருகத்துக்குப் போய்ச் சேராதபடி. ஆனி, ஆடியில் வீசுவது கச்சான் காற்று, தென்மேற்கிலிருந்து வரும். உகந்தையிலிருந்து கதிர்காமமும் தென்மேற்கே இருக்கிறது. ஆகவே யாத்திரைக்காரர் பெரும்பாலும் வேட்டைக்காரனைப் போலவே காற்றை எதிர்த்து நடக்கிறோம். முன்னால் நிற்கும் விலங்குக்கு நாம் வருவது தெரியாது. அதே நாட்களில்தான் பாலைப்பழம் பழுக்கிறது. கரடிகள் மரத்திலும் மரத்தடியிலும் பழத்தில் மெய்மறந்து கிடக்கும். திடுக்கிட்ட கரடி ஓடாது, பாயும், முகத்தைத்தான் பிறாண்டும். வேட்டைக்குப் போகிறவன் வாயைக் கட்டிக்கொண்டு போவான், நாங்கள் அரோகரா போட்டுக்கொண்டு போகிறோம். பக்தியில் எழும் அந்தக் குரல், மனிதர் வருகிறார்கள் என்று காட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஆனால் யானை கிட்டத்தில் நின்றுவிட்டால் சத்தம் போடக் கூடாது. நின்று, முகத்தைத் திருப்பாமல், வந்த வழியே மெல்லப் பின்வாங்க வேண்டும். செல்பி எடுக்க முன்னால் போகிற இளைஞர்களை அப்பா கையைப் பிடித்து இழுத்து நிறுத்துவார். அவர்கள் முறைத்தாலும் விடமாட்டார்.

பாதை எப்போதும் திறந்திருப்பதில்லை. திறக்கும் திகதியை ஒவ்வொரு வருடமும் கதிர்காமக் கொடியேற்றத்துக்கு முன் அதிகாரிகள் அறிவிப்பார்கள். தாய் தகப்பனைக் கூட்டிப்போக நினைப்பவர்கள் அந்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல், இன்றைக்கே அவர்களோடு வாவிக்கரையில் நடந்து பழகத் தொடங்குங்கள். கிளினிக் கொப்பியை மறக்காமல் எடுத்து வையுங்கள். கொண்டுபோகிற பொலித்தீனையும் போத்தலையும் காட்டில் போடாமல் கதிர்காமம் வரை சுமந்து செல்லுங்கள்.