நரி வாசனை பூசினால் மான் ஏமாறுமா?

அமெரிக்காவில் இலையுதிர் காலம் வந்தால் வெள்ளைவால் மான் வேட்டை களைகட்டிவிடும். அரசிடம் உரிமச்சீட்டு வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும். (நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், சிறை உண்டு!) அந்த வேட்டைக்காரர்களில் சிலர் பூட்ஸ் அடியில் நரி மூத்திரத்தைத் தடவிக்கொண்டு கிளம்புவார்கள். உவ்வே என்கிறீர்களா? அதைக் குப்பியில் அடைத்துக் கடையிலேயே விற்கிறார்கள். பைன் மர வாசனை, மண் வாசனைக் குப்பிகளும் உண்டு. எல்லாம் மனித வாடையை மறைக்கத்தான்.

அந்த வாடை எங்கிருந்து வருகிறது? புது வியர்வைக்குப் பெரிதாக நாற்றம் கிடையாது. தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் வியர்வையைச் சிதைக்கும்போது உண்டாகும் பொருள்கள்தாம் நாறுகின்றன. போதாததற்கு, கண்ணுக்குத் தெரியாத தோல் துணுக்குகள் எந்நேரமும் நம்மிடமிருந்து உதிர்கின்றன. மூச்சிலும் வாடை உண்டு. தேய்த்துத் தேய்த்துக் குளித்தாலும் இது நிற்காது.

மானின் மூக்கோ பொல்லாதது. ஈரமான நுனியில் வாசனை மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ளும். நீண்ட மூக்குக்குள் எலும்புச் சுருள்கள். அவற்றைப் போர்த்திய சவ்வில் மோப்ப செல்கள் நெருக்கமாக இருக்கின்றன. வாயின் மேலண்ணத்தை ஒட்டி இன்னொரு மோப்ப உறுப்பும் உண்டு. பெண் மானின் மூத்திரத்தை ஆண் மான் சோதிப்பது அந்த உறுப்பைக் கொண்டுதான்.

இப்படிப்பட்ட மூக்கை நரி வாசனை ஏமாற்றிவிடுமா? வீட்டில் மீன்குழம்பு கொதிக்கும்போது ஊதுபத்தி ஏற்றிப் பாருங்கள். மீன் வாசனை ஓடியா போகிறது? இரண்டும்தான் வரும். மானுக்கும் அப்படியே: நரியும் தெரியும், ஆளும் தெரியும். பைனே இல்லாத காட்டில் பைன் வாசனை பூசினால் சந்தேகம் கூடத்தான் செய்யும்.

ஆகவே கைதேர்ந்தவர்கள் குப்பியை விடக் காற்றைத்தான் நம்புவார்கள். துணியை வாசனையில்லாத சோப்பில் துவைத்து, காட்டு இலைச்சருகோடு பெட்டியில் போட்டுவைப்பார்கள். காட்டுக்குள் கொஞ்சம் பொடியை ஊதிவிட்டு, அது எந்தப் பக்கம் மிதக்கிறது என்று பார்ப்பார்கள். மான் இருக்கும் பக்கமிருந்து தம்மை நோக்கிக் காற்று வரும்படி உட்காருவார்கள். மலைச்சரிவில் இன்னொரு கணக்கு. வெயில் ஏறியதும் சூடான காற்று மேலே ஏறும்; அப்போது மானுக்கு மேலே இருக்கவேண்டும். மாலையில் குளிர்ந்த காற்று கீழே இறங்கும்; அப்போது மானுக்குக் கீழே இருக்கவேண்டும்.

காற்று திடீரென்று திரும்பிவிட்டால்? மான் முன்காலால் தரையை உதைத்து, 'புஸ்' என்று மூச்சைச் சீறிவிட்டு, வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்துவிடும். பை நிறைய நரி மூத்திரம் இருந்தாலும் அன்றைக்கு வேட்டைக்காரர் வெறுங்கையோடுதான் திரும்பவேண்டும்.